ஓடாமல் படுத்திருந்தவன்

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘தி கில்லர்ஸ்’ ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறுகதை. 1927 மார்ச்சில் ‘ஸ்க்ரிப்னர்ஸ்’ இதழில் வந்தது. கதை என்று பார்த்தால் இவ்வளவுதான்: ஒரு சிற்றூரின் சாப்பாட்டுக் கடைக்கு மாலை வேளையில் இரண்டு பேர் வருகிறார்கள். அங்கே வழக்கமாகச் சாப்பிட வரும் ஒருவனைச் சுட்டுக் கொல்ல வந்தவர்கள். அன்றைக்குப் பார்த்து அவன் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கடையில் இருந்த நிக் ஆடம்ஸ் என்ற இளைஞன் அந்த ஆள் குடியிருக்கும் விடுதிக்குப் போய்ச் சேதி சொல்கிறான். கட்டிலில் கிடந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். நிக் கடைக்குத் திரும்புகிறான். இனி இந்த ஊரில் இருக்க முடியாது என்கிறான். அத்தோடு கதை முடிகிறது. அந்த ஆள் செய்த தப்பு என்ன? ஏன் ஓடவில்லை? கடைசியில் கொன்றார்களா? ஹெமிங்வே வாயே திறக்கவில்லை.

இந்தக் கதையின் உரிமையை வாங்கி 1946இல் அதே பெயரில் படமாக்கினார் மார்க் ஹெலிஞ்சர். நியூயார்க் பத்திரிகைகளில் பத்தி எழுதிக்கொண்டிருந்து தயாரிப்பாளரானவர். படம் யுனிவர்சல் வெளியீடு. இயக்கியவர் ராபர்ட் சியோட்மாக். பெர்லினில் ‘பீப்பிள் ஆன் சண்டே’ எடுத்தவர்களில் ஒருவர், நாஜிகளிடமிருந்து தப்பிப் பாரிஸ் வழியாக ஹாலிவுட் வந்து சேர்ந்தவர். திரைக்கதை ஆன்டனி வெய்லர் பெயரில் வந்தது. கூட இருந்து எழுதிய ஜான் ஹூஸ்டனின் பெயர் திரையில் இல்லை.

கதையை உள்ளபடியே எடுத்தால் சுமார் 12 நிமிடம்தான் ஓடும். முழுநீளப் படத்துக்கு இது எப்படிப் போதும்? வழக்கமான பதில், நடுவில் நாலு காட்சியைச் செருகி இழுப்பது. இவர்கள் கதையை அதன் போக்கிலேயே 12 நிமிடத்தில் எடுத்து முடித்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒன்றரை மணி நேரமும் ‘ஏன் ஓடவில்லை’ என்ற ஒற்றைக் கேள்விக்குப் போகிறது. ஹெமிங்வே மௌனமாக விட்ட இடத்தில் ஒன்றரை மணி நேரம் பேசுவது விஷப்பரீட்சை. எழுதாமல் விட்டதை எழுதிக் காட்டுகிறேன் என்று புறப்பட்டவர்கள் பெரும்பாலும் மூலத்தைக் கெடுத்துத்தான் திரும்புவார்கள். இந்தப் படம் கெடுக்கவில்லை. எப்படிக் கெடுக்காமல் தப்பித்தது என்று பார்ப்பதில்தான் இதன் சுவையே இருக்கிறது.

முதலில் அந்தப் பன்னிரண்டு நிமிடம். இருட்டில் கார் ஒன்று ஓடுகிறது. கேமரா பின்னிருக்கையில் இருக்கிறது. முன்னால் இரண்டு தொப்பிகள், நிழலுருவாக. அவற்றைத் தாண்டிக் கண்ணாடிக்கு வெளியே, ஹெட்லைட் விழும் துண்டுச் சாலை. கொலைகாரர்களின் முகத்தைப் பார்க்குமுன்பே நாம் அவர்களோடு ஒரே வண்டியில் ஏறிவிட்டோம். பிறகு தெருவிளக்கின் கீழே இரண்டு பேரும் நடந்து வருகிறார்கள். மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கை ஒரு பார்வை பார்க்கிறார்கள். சாலையைக் கடந்து சாப்பாட்டுக் கடைக்குப் போகிறார்கள். கடைக்கு இரண்டு கதவு. ஆளுக்கொரு கதவு வழியாக நுழைகிறார்கள். பசிக்குச் சாப்பிட வருகிற இரண்டு நண்பர்கள் அப்படி நுழைய மாட்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, துப்பாக்கி வெளியே வரவில்லை, கடையை வளைத்தாகிவிட்டது.

கடைக்குள் நடக்கும் பேச்சை ஹெமிங்வேயிடமிருந்து கிட்டத்தட்ட வரிக்கு வரி எடுத்துக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதுதான் அந்த உரையாடல் எவ்வளவு வினோதமானது என்று உறைக்கிறது. கொலை செய்ய வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றித் தகராறு செய்கிறார்கள். கேட்டது கிடைக்கவில்லை, அது ஆறு மணிக்கு மேல்தான் என்கிறார் கடைக்காரர். கடிகாரம் ஐந்து இருபது காட்டுகிறது. அதுவும் இருபது நிமிடம் வேகமாக ஓடுகிற கடிகாரம். நேரம் தவறாகக் காட்டும் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து ஆறு மணிக்கு வரப்போகிறவனுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவன் கேலி செய்கிறான், இன்னொருவன் எடுத்துக்கொடுக்கிறான். மேடை நாடகத்தில் வரும் நகைச்சுவை ஜோடியைப் போல இருக்கிறார்கள் என்று ஹெமிங்வேயே கதையில் குறிப்பு வைத்திருக்கிறார். வில்லியம் கான்ராடும் சார்ல்ஸ் மெக்ராவும் அந்தக் குறிப்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். கான்ராடின் கனத்த உடம்பும் அகன்ற முகமும் ஒரு பக்கம், மெக்ராவின் சரளைக்கல் குரல் ஒரு பக்கம். இருவரும் கோபப்படுவதில்லை. அதட்டுவதுகூட இல்லை. சலிப்போடு கிண்டல் செய்கிறார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கடைக்காரர் நிற்கிறார். நாமும் அதே நிலைமையில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஹெமிங்வேயின் கதை முழுக்க நிக்கின் பக்கம் நிற்பது. உலகத்தில் இப்படியும் நடக்கும், அதைத் தடுக்க முடியாது, சாகப்போகிறவனே தடுக்க விரும்பமாட்டான் என்று ஓர் இளைஞன் ஒரே மாலையில் தெரிந்துகொள்கிறான். படத்தில் நிக் வெறும் தூதன். ஃபில் பிரௌன் அந்த வேடத்தில் வேலியேறிக் குதித்து, கொல்லைப்புறங்கள் வழியாக ஓடுகிறார். கொலைகாரர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமே என்று நம் நெஞ்சும் அடித்துக்கொள்கிறது. அத்தனை ஓட்டமும் ஓர் அறைக்கதவில் வந்து நிற்கிறது. உள்ளே எந்த அசைவும் இல்லை.

இனி வருவதுதான் படத்தின் உயிர்நாடி. கட்டிலில் பனியனோடு ஒருவன் படுத்திருக்கிறான். நெஞ்சிலும் கையிலும் வெளிச்சம், முகம் இருட்டுக்குள். நிக் மூச்சிரைக்கப் பேசுகிறான். இருட்டிலிருந்து ஒரு குரல் சோர்வாகப் பதில் சொல்கிறது. ஒன்றும் செய்வதற்கில்லையாம். எப்போதோ ஒரு தடவை தப்புச் செய்துவிட்டானாம். சேதி சொன்னதற்கு நன்றியாம். நிக் போய்விடுகிறான்.

படுத்திருக்கிறவர் பர்ட் லங்காஸ்டர். அவருக்கு இது முதல் படம். அதற்குமுன் சர்க்கஸில் கம்பி விளையாட்டுக்காரர். உடம்பை வில்லாய் வளைத்துக் காற்றில் பறந்து பிழைத்த ஒருவரைத் திரையில் அறிமுகப்படுத்தும்போது அசையாமல் படுக்கவைக்கிறார்கள்; முகத்தையும் மறைத்துவிடுகிறார்கள். இது துணிச்சல் மட்டுமல்ல, கணக்கும்கூட. நோயாளியின் உடம்பாக இருந்தால் அவன் எழாதது நமக்கு உறுத்தாது. இந்தத் தோளையும் கையையும் பார்த்தால் ஒரே தாவில் சன்னலைத் தாண்டிவிடுவான் என்று தெரிகிறது. முடிந்தவன் செய்யாமல் இருப்பதுதான் புதிர்.

ஒளிப்பதிவாளர் வுடி பிரெடெல். இரண்டு வருடம் முன்பு சியோட்மாக்கின் ‘ஃபான்டம் லேடி’யை எடுத்தவரும் அவரே. எதைக் காட்டுவது என்பதைவிட எதை இருட்டில் விடுவது என்று அதிகம் யோசிக்கிற ஆள். கீழே கதவு திறக்கும் ஓசை, படியேறும் காலடி. படுத்தவன் தலையைத் தூக்குகிறான். முகம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. சாகப்போகிற நேரத்தில்தான் நமக்கு அவன் அறிமுகம். பார்வை முழுக்கக் கதவின் மேல். பயம் இருக்கிறது, ஆனால் அதைவிட அதிகமாக, இத்தனை நாள் எதிர்பார்த்தது வந்துவிட்டது என்ற தெளிவு இருக்கிறது. கதவு திறக்கிறது. துப்பாக்கிகள் கக்கும் நெருப்பில் சுடுகிறவர்களின் முகம் விட்டுவிட்டுத் தெரிகிறது. குண்டு பட்டவனைக் காட்டவில்லை. ஒரு கையை மட்டும் காட்டுகிறார்கள்: கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை, பிடி தளர்ந்து மெல்லக் கீழே வழுக்குகிறது. ஹெமிங்வே எழுதாத கொலை இது. எழுதாததை எடுத்தபோதும், ரத்தம் வேண்டாம், ஒரு கை போதும் என்று நிறுத்திக்கொண்டதில் அவருடைய சிக்கனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிறுகதை முடிந்தது, படம் இங்கிருந்து தொடங்குகிறது. செத்தவன் பெயரில் 2,500 டாலருக்கு ஆயுள் காப்பீடு. அதை விசாரிக்க வருகிறான் ஜிம் ரியர்டன் என்ற கம்பெனி ஆள் (எட்மண்ட் ஓ’பிரையன்). அவன் அலுவலகத்துக்குக் காலணா பெறாத வழக்கு. போலீசுக்கும் அக்கறை இல்லை. ரியர்டனுக்கு மட்டும் அந்த ஓடாத ஆள் மண்டையைக் குடைகிறான். சுவீடன்காரன் என்று பட்டப்பெயர் கொண்ட அந்த முன்னாள் குத்துச்சண்டை வீரனைத் தெரிந்தவர்களைத் தேடிப் போகிறான். ஆளுக்கொரு துண்டாகக் கதை வெளிவருகிறது. பத்துக்கும் மேற்பட்ட ஃபிளாஷ்பேக்குகள், காலவரிசை தாறுமாறு. ஐந்து வருடம் முன்பு வந்த ‘சிட்டிசன் கேன்’ போட்ட பாதை இது. வித்தியாசம், அங்கே விசாரிக்கப்படுபவர் நாடறிந்த பெரும் பணக்காரர். இங்கே பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த, யாரும் தேடாத ஒருவன்.

யார் எதைச் சொல்கிறார்கள் என்பதில் நுணுக்கமான வேலைப்பாடு இருக்கிறது. காப்பீட்டுப் பணம் போய்ச் சேரவேண்டியது அட்லாண்டிக் சிட்டி ஓட்டல் ஒன்றில் அறை பெருக்கும் வயதான பெண்மணிக்கு. அவருக்கு அவனுடைய பெயரே சரியாக ஞாபகமில்லை. எப்போதோ ஒருநாள் அறையில் இருந்ததையெல்லாம் உடைத்துவிட்டுச் சன்னல் வழியாகக் குதிக்கப் போனவனைக் கடவுளின் பெயரைச் சொல்லித் தடுத்தவர், அவ்வளவுதான் உறவு. காதலித்தவளும் நண்பர்களும் இருக்க, தன் உயிரின் விலையை அவன் எழுதிவைத்தது இந்தப் பெண்மணிக்கு. அவனுடைய மனம் எப்படிப்பட்டது என்று வசனம் வைத்துச் சொல்லவேண்டிய தேவை இதற்குமேல் இல்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தில் பூர்த்தி செய்த பெயர் சொல்லிவிட்டது.

அவன் கிட்டி காலின்ஸ் மேல் மயங்கிய இரவைச் சொல்வது லில்லி. அந்த விருந்துக்கு அவனோடு சேர்ந்து வந்தவள் அவள்தான். கிட்டியாக வரும் ஏவா கார்ட்னர் கறுப்பு உடையில் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். லங்காஸ்டர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். லில்லி அவனைப் பார்க்கிறாள். பாட்டு முடிவதற்குள் அவள் தோற்றுவிட்டாள். அவளுக்கே அது தெரிந்துவிட்டது. இந்த நிமிடத்தைக் கதாநாயகனின் பார்வையில் சொல்லியிருந்தால் சாதாரணக் காதல் காட்சி. தோற்றவள், பிற்பாடு ஒரு போலீஸ்காரரின் மனைவியாகி, கணவர் கூடவே இருக்கும்போது கசப்பில்லாமல் சொல்வதால் காட்சிக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. அந்தக் கணவர் லூபின்ஸ்கி (சாம் லெவீன்) செத்தவனின் பால்ய நண்பர். அவனைக் கைது செய்து உள்ளே அனுப்பியவரும் அவர்தான், அடக்கம் செய்தவரும் அவர்தான்.

ஜெயிலில் கூட இருந்த சார்ல்ஸ்டன் என்ற கிழட்டுத் திருடன் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவான். ஜெயில் நூலகத்துப் புத்தகத்தைப் படித்துக் கற்றது. சன்னல் கம்பி வழியாகப் பார்த்துப் பெயர் சொல்வான். கேட்டுக்கொண்டிருப்பவன் கையில் கிட்டி கொடுத்த பட்டுக் கைக்குட்டை. அவளிடமிருந்து கடிதம் ஏன் வரவில்லை என்பதுதான் அவன் கவலை. எட்டாத ஒன்றைப் பற்றித்தான் இரண்டு பேருமே பேசுகிறார்கள். கிழவனுக்கு அது எட்டாது என்று தெரியும்.

அந்தக் கைக்குட்டையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பச்சை நிறம், அதில் பொன்னிற யாழ்கள் என்று படத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். படமோ கறுப்பு வெள்ளை. அந்தப் பச்சையை ஒருவரும் பார்த்ததில்லை. துப்பறிகிற ரியர்டன் அதைக் கண்ணால் பார்த்து அடையாளம் பிடிக்கிறான். நாம் அவர்கள் பேச்சை நம்பித்தான் பச்சை என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு மனிதனைப் பற்றி மற்றவர்கள் சொல்லியே தெரிந்துகொள்ளும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

பிறகு, சுவீடன்காரனும் கூட்டுச்சேர்ந்த ஒரு கொள்ளை. தொப்பித் தொழிற்சாலையின் சம்பளப் பணத்தை அடிக்கிறார்கள். வேறு படமாக இருந்தால் பத்து நிமிடம் பரபரவென்று வெட்டி வெட்டி ஓட்டியிருப்பார்கள். சியோட்மாக் க்ரேனில் கேமராவை ஏற்றி, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுத்திருக்கிறார். வேலைக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாக நாலு பேர் வாசலைக் கடக்கிறார்கள். அவர்கள் படியேறும்போது கேமரா வெளியே நின்றபடியே மேலே எழும்புகிறது. சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறது. அவர்கள் இறங்கும்போது தானும் இறங்குகிறது. வாசலில் துப்பாக்கிச் சண்டை வரைக்கும் தொடர்கிறது. இத்தனைக்கும் பின்னால் ஒலிப்பது ரியர்டனின் மேலதிகாரி பழைய பத்திரிகைச் செய்தியைப் படிக்கும் குரல். ஏற்ற இறக்கமில்லாத படிப்பு. எல்லா ஃபிளாஷ்பேக்கிலும் சொல்கிறவரின் ஆசையோ வருத்தமோ கலந்திருக்கிறது. இதில் மட்டும் சொல்கிறவருக்கு யாரோடும் சம்பந்தமில்லை. அதனால்தான் கேமராவும் யார் பக்கமும் போகாமல் தூரத்திலேயே மிதக்கிறது. பார்வைக்கு ஜாலம், உள்ளே கதைக்கான காரணம்.

இசை மிக்லோஷ் ரோஷா. கொலைகாரர்கள் வரும்போதெல்லாம் நாலு சுரத்தில் ஒரு முரட்டு அடி விழும். பிற்பாடு ‘டிராக்னெட்’ தொடரின் முகப்பு இசையாக அமெரிக்கர்களின் காதில் பதிந்த அதே நாலு சுரம். அதன்மேல் உரிமைத் தகராறே வந்தது. படத்தின் பிற்பகுதியில் அந்த இருவரும் திரும்ப வரும் இடத்தில் இசையும் கூடவே வருகிறது. கடையில் கேலி பேசியவர்களை நாம் மறந்திருந்தாலும் நாலு சுரம் மறக்கவில்லை.

குறை இல்லாத படமா என்றால், இல்லை. கடைசி அரைமணி நேரத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள், பணம் எங்கே போயிற்று என்று முடிச்சவிழ்ப்பதற்கே மூச்சு வாங்குகிறது. கிட்டிக்கு அழகும் வஞ்சகமும் கொடுத்தவர்கள் அவள் தரப்பைச் சொல்ல ஒரு ஃபிளாஷ்பேக்கைக்கூட முழுதாக அவளுக்குக் கொடுத்ததாகத் தோன்றவில்லை. அவள் சொல்வதும் பாதி பொய். நிக்கை ஓரங்கட்டியதால் ஹெமிங்வே கதையின் ஆழமான காயம் ஒன்று படத்தில் காணாமலே போய்விட்டது. ஆனாலும் தன் கதைகளை வைத்து வந்த படங்களைக் கண்டாலே முகம் சுளித்த ஹெமிங்வேக்கு இந்தப் படம் பிடித்திருந்தது. நண்பர்களுக்குப் போட்டுக்காட்டுவாராம், முதல் ரீல் முடிந்ததும் தூங்கிப்போவாராம் என்று ஒரு கதை உண்டு. அந்த ரீலோடு அவர் எழுதியது முடிந்துவிடுகிறதே! சியோட்மாக்குக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது; இசை, திரைக்கதை, படத்தொகுப்புக்கும் பரிந்துரைகள். பரிசு ஒன்றுக்குமில்லை.

இதே கதையை வேறு இருவர் தொட்டது ஒப்பிட உதவும். 1956இல் மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் மாணவராக இருந்த அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி சகமாணவர்களோடு எடுத்த குறும்படம், ஹெமிங்வே நிறுத்திய இடத்திலேயே தானும் நின்றுகொண்டது. 1964இல் டான் சீகல் எடுத்தபோது கேள்வியைக் கொலைகாரர்களிடமே கொடுத்துவிட்டார்: சுட வந்தபோது இவன் ஏன் ஓடவில்லை என்று சுட்டவனே தேடிப் புறப்படுகிறான். சுட்டவனாக வந்த லீ மார்வின் அதைத் தணியாத வெறியோடு செய்தார். ஒன்று மூலத்துக்கு அடக்கம், மற்றொன்று மூலத்தோடு மல்லுக்கட்டு. சியோட்மாக் படம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: மௌனத்தை முதலில் அப்படியே வைத்துவிட்டு, பிறகு பேசத் தொடங்குகிறது.

பேசிப் பேசி எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறது. யார் ஆள் அனுப்பியது, ஏன், பணம் யாரிடம், பச்சைக் கைக்குட்டை எப்படி வந்தது, எல்லாம் தெரிந்துபோகிறது. ரியர்டன் உயிரைப் பணயம் வைத்துக் கண்டுபிடித்த உண்மையைக் கேட்ட மேலதிகாரி கடைசிக் காட்சியில் கணக்குப் போட்டுச் சொல்கிறார்: இந்த உழைப்பின் பலனாக 1947இல் கம்பெனியின் அடிப்படைக் காப்பீட்டுக் கட்டணம் ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு குறையக்கூடும். அதோடு படம் முடிகிறது. சிரிப்பு வருகிறது, கூடவே திரைக்கதைக்காரர்களின் சாமர்த்தியமும் புரிகிறது. ஹெமிங்வே விட்ட இடைவெளியை நிரப்பியவர்கள், நிரப்பிய சரக்குக்குத் தாங்களே விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். யார் ஆள் அனுப்பியது என்ற விடையின் மதிப்பு பத்தில் ஒரு சென்ட். ஓட முடிந்தவன் ஏன் ஓடவில்லை என்பதற்கு இத்தனை ஃபிளாஷ்பேக்குக்குப் பிறகும் நமக்குக் கிடைத்திருப்பது காரணங்கள்தான். அந்தக் காரணங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் கட்டிலில் கிடந்தவனின் அந்த நிதானத்துக்கு ஈடாகவில்லை. படத்துக்கே அது தெரிந்திருக்கிறது. சிறுகதையைப் படமாக்குகிறவர்களில் பலருக்குத் தெரியாமல் போவதும் அதுதான்.